காலமறிந்து பாடுதல்: திருவழிபாட்டு ஆண்டும் தமிழ்ப் பாடல் தெரிவும்

தமிழில் 'காலம்' என்னும் சொல் இருவகையாக நின்று பொருள் தரும். கார்காலம், வேனிற்காலம் எனப் பருவத்தைக் குறிப்பதும் அதுவே. இறந்தகாலம், எதிர்காலம் என வினைச்சொல்லின் நிலையைக் குறிப்பதும் அதுவே. கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டுக்கேற்பப் பாடல்களைத் தெரிந்தெடுக்கும் பணியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இச்சொல்லின் இரட்டைப் பொருள் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு பாடல் ஒரு பருவத்துக்குப் பொருந்துமா என்று அறிய, அப்பருவத்தின் பெயர் பாட்டில் வருகிறதா என்று பார்த்தால் போதாது. பாட்டின் வினைமுற்றுகள் எக்காலத்தன, அதில் பேசுவோர் யார், கேட்போர் யார் என்று பார்த்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் கூற வந்தது.

நாம் பாடகர் குழுவில் இருப்போர் அல்லோம். பின்வரிசையில் அமர்ந்து கேட்போர். அலுவலக மாற்றலால் வடபுலத்து நகரங்கள் சிலவற்றில் வாழ நேர்ந்தமையால், தமிழ்த் திருப்பலி மாதத்துக்கு ஒருமுறையே கிடைக்கும் சூழலை நன்கு அறிவோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை! அப்பன்னிரண்டு முறையும் அதே எட்டுப் பத்துப் பாடல்களே ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறும் பாஸ்காக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும் செவிக்கு ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு, செய்யுள் நடையுள்ள தமிழ் காதில் விழும் இடம் பெரும்பாலும் அதுவொன்றே. ஆதலால் இது கோயிலுக்குள் முடிந்துவிடும் சிக்கல் அன்று. தமிழ்ச் சங்க மலரில் பேசத்தக்கதே.

பாடல் தெரிவு என்னும் சிக்கல் எழுந்ததே அண்மைக் காலத்தில்தான். பழைய இலத்தீன் வழிபாட்டில் இன்ன நாளுக்கு இன்ன வருகைப்பண், இன்ன காணிக்கைப்பண், இன்ன திருவிருந்துப்பண் என்று நூலே வகுத்து வைத்திருந்தது. பாடுவோர் தெரிய வேண்டியது ஏதுமில்லை; புரட்ட வேண்டியது ஏடு மட்டுமே. பாட்டின் முதற்சொல்லே நாளின் பெயராகும் அளவுக்குப் பாட்டும் நாளும் பின்னிக் கிடந்தன. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு 'கௌதேத்தே' எனவும், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு 'லெத்தாரே' எனவும் பெயர் பெற்றது வருகைப்பண்ணின் முதற்சொல்லால். இரண்டுக்கும் பொருள் மகிழ்க என்பதே. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறும் அவ்வாறே 'குவாசிமோதோ' எனப்பட்டது. விக்தர் யூகோ 1831இல் வெளியிட்ட புதினத்தில் வரும் கூனன் அப்பெயரைத் தாங்கி நிற்பது, அந்த ஞாயிறன்று கோயிலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பதால். ஒரு நாவலின் தலைமாந்தன் வரை நீளும் வலிமை ஒரு பாட்டின் முதற்சொல்லுக்கு இருந்ததெனின், பாட்டு அந்நாளை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பதை உய்த்துணரலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்தது. அந்தந்த மக்களின் இசைமரபைப் போற்றுமாறும் பணித்தது. 1969இல் ஆண்டுக் குறிப்பேடு திருத்தியமைக்கப்பெற்று அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று இலத்தீன் பண்ணுக்கு ஈடாக, அந்நாளுக்கும் அப்பருவத்துக்கும் பொருந்திய வேறு பாடலையும் பாடலாம் என்பது விதி. 'பொருந்திய' என்னும் இவ்வொரு சொல்லில் அடங்கிய பொறுப்பு முழுவதும் பாடகர் குழுத் தலைவரின் தோளில் ஏறியது. நூல் செய்த வேலையை இனி அவர் செய்தாக வேண்டும். அவர் பாடுவோர் மட்டுமல்லர், தொகுப்பாசிரியரும் ஆவார்.

தொகுத்தல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். நானூறு பாட்டையும் இம்முறையில் நிரல்பட வைத்த உருத்திரசன்மன், ஒரு பாட்டு எத்திணைக்கு உரியது என்று நானூறு முறை தீர்ப்பளித்திருக்க வேண்டும் அல்லவா? நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்ற இலக்கணம் அவர்க்குக் கைகொடுத்தது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பகுத்ததும் இதே உணர்வால். திருமலையில் மார்கழி முழுதும் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிப்பதும் இதே மரபு. பாட்டுக்குப் பொழுது உண்டு என்பது நமக்கு உரோமையிலிருந்து வந்த செய்தி அன்று. ஆதலால் தமிழ்ப் பாடகர் குழு ஒன்று காலமறியாது பாடுமாயின், அது இருவேறு மரபுகளுக்கு ஒருங்கே தவறியதாகும்.

மைய அரசு அலுவலகத்தில் இருப்போர்க்கு ஆண்டு ஏப்ரலில் பிறக்கும், தமிழர்க்குச் சித்திரையில், திருச்சபைக்கோ நவம்பர் 30ஐ ஒட்டிய ஞாயிறன்று. அன்று தொடங்குவது திருவருகைக் காலம். இதனைக் கிறிஸ்து பிறப்புக்கு முன்னோட்டம் என்று மட்டும் கருதுவதால் நேரும் குழப்பம் பெரிது. இக்காலத்துக்கு இரு முகங்கள் உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்கள் பேசுவன உலக முடிவில் ஆண்டவர் மீண்டும் வருவதைப் பற்றி. விழித்திருங்கள், பாதையைச் செம்மையாக்குங்கள் என்னும் குரல்களே அவற்றில் ஓங்கும். 17 முதல் 24 வரையே பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. ஆனால் நம் கோயில்களில் நடப்பது யாது? முதல் ஞாயிறன்றே தாலாட்டுத் தொடங்கிவிடுகிறது. டிசம்பரில் குழுவினர் வீடுதோறும் சென்று பாடும் பவனிக்குப் பழகிய பாட்டே திருப்பலிக்கும் வந்துவிடுகிறது. பிறவாத குழந்தைக்குத் தாலாட்டு! பிறந்தார் என்னும் இறந்தகால வினைமுற்று நான்கு வாரம் முன்னதாகவே வந்து, காத்திருத்தல் என்னும் உணர்வையே கெடுத்துவிடுகிறது.

திருவருகைக் காலத்தின் வினைகள் எதிர்காலத்தனவும் ஏவல் வினைகளுமே. பேசுவோர் நாம் என்னும் பன்மையினர், கேட்பவர் இறைவன். வாரும், காட்டும், திறந்தருளும் என்பனவே அதன் உயிர்நிலை. தமிழ்க் கிறித்தவப் பாடல்களில் இறைவனை விளிக்கும் 'நீர்', 'உம்', 'வாரும்' என்னும் இடைநிலை மரியாதை வடிவம் இங்கே மிக அழகாக அமைகிறது. நீ என்பதன் உரிமையும் தாங்கள் என்பதன் தொலைவும் இல்லாத சொல் அது. சைவ வைணவ அருளாளர் பலர் 'நீ' என்றே நெருங்கினர். கிறித்தவத் தமிழ் 'நீர்' என்று அரையடி விலகி நின்று அழைத்தது. அந்த அரையடியில் ஓர் ஏக்கம் தங்குவதாக நமக்குத் தோன்றும்.

திணைமரபோடு வைத்துப் பார்த்தால், காத்திருத்தல் முல்லையின் உரிப்பொருள். ஆனால் முல்லைக்குரிய கார் இங்கு இல்லை. கார்த்திகையில் கூதிர் முடிந்து மார்கழியில் முன்பனி தொடங்கும் வேளை இது. ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. வலிந்து ஒட்டவைக்க நாம் விரும்பவில்லை. கிறிஸ்து பிறப்பு இரவில் மட்டும் அது தானே கூடிவிடுகிறது. முன்பனியும் யாமமும் குறிஞ்சிக்கு உரியவை. குறிஞ்சியின் உரிப்பொருள் கூடல். இறைமையும் மனிதமும் கூடிய செய்தியைப் பாடும் நள்ளிரவுத் திருப்பலிக்குத் தமிழ்ப் பொழுதிலக்கணமே இடம் அமைத்து வைத்தது போல் இருக்கிறது.

பிறப்புக் காலத்தைப் பற்றி ஒன்றே கூறுவோம். அது டிசம்பர் 25இல் தொடங்குகிறதேயன்றி முடிவதில்லை. திருக்காட்சிப் பெருவிழாவைக் கடந்து ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது செல்லும். நவம்பர் இறுதியில் தொடங்கிய தாலாட்டுகளால் தொண்டை கட்டிப்போன குழுவினர் 26ஆம் நாளே அவற்றை மூட்டை கட்டிவிடுகின்றனர். பாட வேண்டாத நான்கு வாரம் பாடி, பாட வேண்டிய இரு வாரத்தில் வாளாவிருத்தல்! ஐரோப்பியப் பிறப்புப் பாடல்களில் உறைபனி பொழியும். தமிழாக்கத்தில் அது 'பனி' என்று வந்து மார்கழிப் பனியாக மாறிவிடும். இந்த மாற்றம் மொழிபெயர்ப்பாளரின் திறத்தால் நேர்ந்தது அன்று, சொல்லின் நற்பேறு.

இனித் தவக்காலம். தமிழ்ப் பாடல் மரபு மிகச் செழித்ததும், தெரிவு மிகப் பிழைபடுவதும் இங்கேதான். இதன் வாயில் திருநீற்றுப் புதன். முற்காலத்தார் விபூதிப் புதன் என்றனர். நீறு என்னும் சொல்லைத் தமிழ்ச் சைவத்திடமிருந்து தயங்காமல் பெற்றுக்கொண்ட இப்பெயர் ஒன்றே தனிக் கட்டுரைக்குரியது. இக்காலம் பெரும்பாலும் மாசி பங்குனியில் வரும், அதாவது பின்பனியில். பின்பனியைப் பாலைத் திணைக்கு உரியதாகத் தொல்காப்பியம் வைத்தது. தவக்காலத்தின் முதல் ஞாயிற்று நற்செய்தியோ, இயேசு நாற்பது நாள் பாலைநிலத்தில் இருந்தமையைக் கூறும். பாலை என்பது இயல்பான நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்த நிலை என்று சிலப்பதிகாரம் காட்டும் கருத்தைத் தவத்துக்கு உவமையாக்கிய பாடல் ஒன்று நம்மிடையே எழுந்தால் எத்துணைச் சிறப்பாக இருக்கும்!

நடப்பு வேறு. தவக்காலம் என்றவுடன் நம்மவர் சிலுவையடிக்குச் சென்றுவிடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. துயரப் பாட்டில் தமிழ்க் கிறித்தவம் ஈட்டிய செல்வம் மிகுதி. கோவாவிலிருந்து இலங்கை சென்று 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதோடு அமையாது, மகனை இழந்த தாயின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியாகப் பாடினார். பாடுகளின் வரலாற்றைப் 'பசான்' என்று பாடும் வழக்கு ஈழத்தில் வேரூன்றியது. சொல் போர்த்துக்கேயம், பாட்டின் குரலோ நம் ஒப்பாரி. பிணத்தருகே அமர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு பாடும் பெண்களின் மொழி, வழிபாட்டு மொழியாக உயர்ந்த இடம் இது. இச்செல்வத்தைக் குறை கூறும் எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை.

ஆயினும் அதற்குரிய இடம் புனித வாரம். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். வியாகுல அன்னையை நினைவுகூரும் செப்டம்பர் 15. தவக்காலத்தின் தொடக்க வாரங்கள் ஒப்பாரிக்கு உரியன அல்ல. முதலாண்டு வாசகச் சுழற்சியை நோக்குக: சோதனை, உருமாற்றம், சமாரியப் பெண் கேட்ட தண்ணீர், பிறவிக்குருடன் பெற்ற ஒளி, இலாசர் பெற்ற உயிர். நீர், ஒளி, உயிர் என்னும் இம்மூன்றும் திருமுழுக்குக்கு ஆயத்தமாவோரை எண்ணி அமைந்தவை. கிணற்றடியில் நிகழும் உரையாடல் வாசிக்கப்பட்ட ஞாயிறன்று, அதை அடுத்துத் தாயின் புலம்பலைப் பாடினால் நற்செய்தி ஒரு திசையிலும் பாட்டு ஒரு திசையிலும் போகும். இலக்கண நோக்கில் கூறின், இவ்வாரங்களின் வினைகள் தன்மை இடத்தன: திரும்புகிறேன், அறிக்கையிடுகிறேன், தேடுகிறேன். ஒப்பாரியோ படர்க்கையைப் பற்றியது, இறந்தகாலத்தது. பிறர் பட்ட பாட்டைக் கண்டு அழுவது, தன் வாழ்வைத் திருத்துவதைவிட எளிது. ஆறு வாரமும் அழுதே கழித்தவர்க்குப் பெரிய வெள்ளியன்று அழக் கண்ணீர் மிஞ்சுவதில்லை.

இக்காலத்தில் அல்லேலூயா இல்லை. பெருவிழா, விழா நாட்களிலன்றி வானவர் கீதமும் இல்லை. இசைக்கருவிகள் குரலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. பல்லவியின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லேலூயாவைக் கவனியாமல் தவக்காலத்தில் பாடிவிடும் குழுக்கள் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் சில ஊர்களில் அச்சொல்லைப் பிணம்போல் எடுத்துச் சென்று புதைக்கும் சடங்கே இருந்தது. புதைத்தால்தானே எழும்பும்! மின்னிசைப் பலகையின் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே கொட்டும் இந்நாளில், கருவியை அடக்கி வாசித்தல் கருவி வாசித்தலைவிடக் கடினம் என்பதை அறிவோம். எனினும் அவ்வடக்கமே பாஸ்கா இரவின் முழக்கத்துக்கு முதலீடு. அவ்விரவில் குரு அல்லேலூயாவை மும்முறை, ஒவ்வொரு முறையும் சுருதி உயர்த்திப் பாடுவார். ஆறு வாரம் அச்சொல்லைக் கேளாத செவிக்கே அந்த உயர்வு விளங்கும்.

பாஸ்காக் காலம் ஐம்பது நாள். அவ்வைம்பதும் சேர்ந்து ஒரே பெரிய ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. நம் கோயில்களின் கணக்கிலோ அது ஒரு நாள். அடுத்த வாரமே என் குறை கேளும், என் துன்பம் தீரும் என்னும் வேண்டல்களுக்குத் திரும்பிவிடுகிறோம். நம் கைக்கு வந்த பாட்டுப் புத்தகங்களில் தவக்காலப் பகுதியின் தடிமனையும் உயிர்ப்புப் பகுதியின் மெலிவையும் ஒப்பிட்டால் இதன் காரணம் புலனாகும். துயரைப் பாட நமக்கு ஒப்பாரி இருந்தது. வெற்றியைப் பாடப் பரணியும் புறத்திணையின் வாகையும் இருந்தும் நம் பாவலர் அவ்வழி மிகுதியும் செல்லவில்லை. இக்காலத்துக்கு வேண்டிய வினை இறந்தகால முற்று: உயிர்த்தார், வென்றார், கண்டோம். வேண்டுகோள் அன்று, சான்று. பெருவிழாவன்றும் தூய ஆவியாரின் வருகைப் பெருவிழாவன்றும் தொடர்பாடல் கட்டாயம் என்பதைக்கூட மறந்து அதைவிட்டுச் செல்வது, இருக்கும் ஒன்றிரண்டு வெற்றிப்பாட்டையும் இழப்பதாகும். தூய ஆவியாரின் நாளில் மீண்டும் 'வாரும்' என்னும் ஏவல் வருகிறது. திருவருகைக் காலத்தின் சொல்லேதான், விளிக்கப்படுபவர் வேறு. இதனால் மயங்கி ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பாடியதையும் கேட்டிருக்கிறோம்.

எஞ்சிய முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்கு வாரம் பொதுக்காலம். இங்கே தெரிவு எளிது. அன்றைய நற்செய்தி வழிகாட்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878இல் வெளியிட்ட சர்வசமய சமரசக் கீர்த்தனைகள், எச்சமயத்தாரும் பாடுமாறு அமைந்தமையாலேயே எப்பருவத்தையும் சாராதவை. பொதுக்காலத்துக்குப் பொதுப்பண் போன்றவை. ஒரு கத்தோலிக்கர் செய்த இந்நூல் கத்தோலிக்கக் கோயிலில் அருகியே கேட்பது வியப்பு. பொங்கல் பெரும்பாலும் பொதுக்காலத்தின் வாயிலில் வந்து, நிலத்தின் பருவத்தையும் வழிபாட்டின் பருவத்தையும் தொடுவிக்கும். அன்னை மரியாளைப் பற்றிய பாடல்கள் தனிக் கதை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, வேளாங்கண்ணியை எண்ணி எந்நகரத் தமிழரும் கூடுவர். அப்போது எம்முறையையும் எவரும் கேளார். கேட்கவும் வேண்டாம். ஊரைப் பிரிந்தோர்க்கு அதுவே ஆண்டின் நடுநாள்.

தெரிந்த பாட்டைப் பாடினால்தான் மக்கள் வாய் திறப்பர், புதியதைப் பழக நேரம் ஏது என்பர் பாடகர் குழுவினர். நாள் முழுதும் பணிமனையில் உழைத்து, இரவில் பேருந்தேறி ஒத்திகைக்கு வருவோர் அவர். அவர் கூற்றைத் தள்ளுவதற்கில்லை. ஆயினும் ஆண்டுக்குப் புதிதாக நான்கு பாட்டுப் போதும்: திருவருகைக்கு ஒன்று, தவக்காலத் தொடக்கத்துக்கு ஒன்று, உயிர்ப்புக்கு இரண்டு. பருவத்துக்குப் பொருந்தியது என்பதற்காகக் கவிதையற்ற பாட்டை ஏற்க வேண்டுமா என்னும் வினாவும் எழும். வேண்டா என்போம். திரைமெட்டில் பருவத்தின் பெயரை மட்டும் பொருத்திய பாட்டைவிட, அன்றைய திருப்பாடலைப் பதிலுரையாக எளிய இசையில் பாடி அமைதல் நன்று. தாவீதின் பெயரால் வழங்கும் அந்நூலில் எக்காலத்துக்கும் பாட்டு உண்டு.

வடநகரத் தமிழ்த் திருப்பலிகளில் பிள்ளைகள் கையில் இருக்கும் தாளைப் பாருங்கள். தமிழ்ப் பாட்டு நாகரியிலோ உரோமன் எழுத்திலோ பெயர்த்தெழுதப்பட்டிருக்கும். அத்தாளில் ழகரமும் ளகரமும் றகரமும் பெரும்பாலும் கரைந்துபோகின்றன. ஆனால் வருவார் என்பதன் வகரத்தையும் வந்தார் என்பதன் தகரத்தையும் எந்த எழுத்தும் விழுங்குவதில்லை. காலங்காட்டும் இடைநிலை என்று நன்னூல் கூறுவதை அப்பிள்ளைகள் எப்பள்ளியிலும் படிக்கப் போவதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் வருவார் என்றும், இறுதியில் வந்தார் என்றும், சித்திரையில் உயிர்த்தார் என்றும் பாடினால் வாயாலேயே கற்றுக்கொள்வர். அத்தாளைத் தட்டச்சு செய்து படியெடுப்பவர், பாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் அது எப்பருவத்துக்கு உரியது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிடலாம். கூடுதலாக ஒரு வரி மையே செலவாகும்.